டிரான்ஸ்ஃபரும் டியூஷனும்

டிரான்ஸ்ஃபரில் வடோதரா வரும் நம்மவர்கள் ஸ்கூலுக்கு அடுத்து என்னிடம் விசாரிப்பது டியூஷன்தான். இதே ஊரிலும் மும்பையிலும் 2001 முதல் 2003 வரை பிரதம் அமைப்பின் 'பால்சகி' திட்டத்தை ஆராய்ந்தார்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் (2019 பொருளாதார நோபலில் பங்கு பெற்றவர்கள்). வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் தனியே உட்காரவைத்து, விட்டுப்போன எழுத்தையும் கணக்கையும் சொல்லிக்கொடுத்தவர்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள். மார்க் ஏறியது. திட்டம் முடிந்து ஓராண்டில் அந்த லாபத்தில் பெரும்பகுதி கரைந்தும் போனது. ஆக, ஒரு லீவில் முடிகிற வேலையில்லை.

நாம் அனுப்பும் டியூஷனில்? இந்தி எழுத்துக்கூட்டவே தடுமாறும் குழந்தையிடம் நாலாம் வகுப்புப் போர்ஷனையே மறுபடி ஓட்டுகிறார்கள். பீஸ் கட்டுமுன் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கி, வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.