மொழியை நீட்டும் உரிமை
மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவர், கணிப்பொறி அறிவியல் துறை

நாம் பேசும் மொழியில் புதுச்சொல் ஒன்றைச் சேர்க்க எவரிடமும் ஒப்புதல் கேட்பதில்லை. கணிப்பொறிக்கு எழுதும் நிரல் மொழி அப்படியன்று. அதன் தொடரமைப்பை வகுத்தவர் எங்கோ இருக்கிறார். அவர் வகுத்த தொடர்களை மட்டுமே கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். தமக்கு வேண்டிய புதிய தொடரை நிரல் எழுதுபவரே ஆக்கிக்கொள்ளலாமா? ஆக்கிக்கொள்ளலாம், ஆனால் அதற்கு ஒரு வேலி வேண்டும் என்பது என் கருத்து.

மேக்ரோ ஏன் வேண்டும்?

சார்புகளை அடிப்படையாகக் கொண்ட நிரல் மொழிகளில் எல்லாவற்றையும் சார்புகளாலேயே எழுதிவிடலாமே என்று நண்பர்கள் கேட்கலாம். பெரும்பாலும் முடியும். எனினும் ஓரிடத்தில் சார்பு கைகொடுப்பதில்லை. 'ஒழிய' என்று ஒரு சார்பை எழுதுவதாகக் கொள்வோம். அதற்கு ஒரு நிபந்தனையும் ஒரு செயலும் தருகிறோம். நிபந்தனை பொய்யானால் மட்டுமே செயல் நடக்க வேண்டும். லிஸ்ப், ஓகாமல் போன்ற மொழிகளில் சார்புக்குத் தரும் உள்ளீடுகள் யாவும் முதலிலேயே கணக்கிடப்பட்டுவிடும். செயல் 'கோப்பை அழி' என்பதானால், நிபந்தனையைப் பார்க்கும் முன்பே கோப்பு போய்விடும்! செயலை வேறொரு சார்புக்குள் பொதிந்து அனுப்பலாம். ஆனால் அழைக்கும் இடந்தோறும் அப்படிப் பொதிய வேண்டும். மேக்ரோவோ, கணக்கீடு தொடங்கும் முன்பே அத்தொடரைச் சாதாரண 'எனில்' தொடராக மாற்றி எழுதிவிடுகிறது.

இன்னொரு பயனும் உண்டு. இருபது புலங்கள் கொண்ட பதிவு ஒன்றை அச்சிடவும் ஒப்பிடவும் கையால் எழுதினால், பின்னர் இருபத்தொன்றாவது புலத்தைச் சேர்க்கும்போது ஓரிடத்தில் மறந்துவிடுவோம். மேக்ரோ மறப்பதில்லை. ஆகவே மேக்ரோவே வேண்டாம் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை.

எழுத்தும் மரமும்

மேக்ரோக்களில் உயர்வு தாழ்வு உண்டு. சி மொழியின் முன்செயலி நிரலை வெறும் எழுத்து வரிசையாகவே காண்கிறது. 'வர்க்கம்(அ)' என்பதற்கு 'அ * அ' என்று மேக்ரோ எழுதி, வர்க்கம்(2 + 3) என்று கேட்டால், அது 2 + 3 * 2 + 3 என விரியும். விடை 25 அன்று, 11!

லிஸ்ப் இத்தொல்லைக்கு ஆளாகவில்லை. 1958இல் ஜான் மெக்கார்த்தி எம்.ஐ.டி.யில் தொடங்கிய அம்மொழியில் நிரலே அடைப்புக்குறிகளால் ஆன பட்டியல். 1963இல் திமதி ஹார்ட் அதற்கு மேக்ரோக்களை முன்மொழிந்தார். அவை பகுத்த மரத்தையே எடுத்து வேறொரு மரமாக்கித் தந்தன. அங்கும் ஒரு பொறி இருந்தது. மேக்ரோ தனக்குள் வைத்திருக்கும் மாறியின் பெயரையே பயனரும் தம் மாறிக்கு வைத்திருந்தால் இரண்டும் மோதும். 1986இல் கோல்பெக்கர், ஃப்ரீட்மன், ஃபெலைசன், டூபா ஆகிய நால்வர் இம்மோதலைத் தானாகவே தவிர்க்கும் முறையைக் கண்டனர். 'சுகாதாரமான மேக்ரோ' என்று அதற்குப் பெயர். 1998ஆம் ஆண்டு அறிக்கையில் ஸ்கீம் மொழி அவ்வகை மேக்ரோவைத் தன் அங்கமாகவே ஏற்றது.

ஓகாமல் தரும் பாடம்

மரத்தில் வேலை செய்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு ஓகாமலே சான்று. பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் தானியேல் தெ ரோக்லோத்ர் உருவாக்கிய கேம்ல்பி-4 என்னும் முன்செயலி மரத்தைத்தான் ஆக்கித் தந்தது. அதோடு, மொழியின் இலக்கணத்தையே திருத்தும் உரிமையையும் எல்லார்க்கும் வழங்கியது. விளைவு என்ன? ஒரு கோப்பைத் திறந்தால், அது எந்த இலக்கணத்தில் எழுதப்பட்டது என்று முதலில் அறிய வேண்டியதாயிற்று. இருவர் செய்த இரு திருத்தங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டன. 2007இல் 3.10ஆம் பதிப்போடு கேம்ல்பி-4 புதிதாக எழுதப்பட்டது. பழைய வடிவம் கேம்ல்பி-5 என்ற பெயரில் தனி வழி சென்றது. நீட்டும் கருவியே இரண்டாகப் பிரிந்தது!

2014இல் வந்த 4.02ஆம் பதிப்பு வேறு வழியைக் காட்டியது. இலக்கணம் எல்லார்க்கும் ஒன்றே. புதுத் தொடர் வேண்டுவோர், சதுர அடைப்புக்குள் விழுக்காட்டுக் குறியும் ஒரு பெயரும் இட்டு அவ்விடத்தை அடையாளப்படுத்த வேண்டும். பி.பி.எக்ஸ். எனப்படும் கருவி அவ்விடத்தின் மரத்தை மாற்றித் தரும். கருவி இல்லையேல், இப்பெயருக்குப் பொருள் தெரியவில்லை என்று கம்பைலர் பிழை கூறி நின்றுவிடும். இதிலும் குறை உண்டு. கேம்ல்பி-4 தந்த அழகிய தொடர்கள் இதில் அமைவதில்லை. கம்பைலரின் மர அமைப்பு மாறும்போதெல்லாம் மேக்ரோ எழுதியவர்க்கு வேலை வந்து சேர்கிறது. ஆயினும் நான் இவ்வழியையே ஆதரிப்பேன். நிரலை எழுதுபவர் ஒருவர். பின்னால் அதைப் படித்துத் திருத்துபவர் பலர். 'இங்கே மொழி நீட்டப்பட்டுள்ளது' என்று அவர்களுக்குச் சொல்லும் குறி, எழுதியவர் இழக்கும் அழகைவிடப் பெரிது.

நாம் செய்யத்தக்கது

மேக்ரோ எழுதப் புகும் மாணவ நண்பர்கள் இரண்டு கேள்விகளைத் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இதைச் சார்பால் செய்ய முடியாதா? இம்மேக்ரோவை அறியாத ஒருவர், இங்கே ஒரு மேக்ரோ இருக்கிறது என்றாவது கண்டுகொள்வாரா? முதற் கேள்விக்கு 'முடியாது' என்றும், அடுத்ததற்கு 'ஆம்' என்றும் விடை வந்தால் அஞ்சாது எழுதலாம். அவ்வாறு வராதவிடத்துச் சார்பே போதும்.