ஆள் மாறினா குழு உடைஞ்சு போச்சா?

ஒரு இசைக்குழுவில இருந்து ரெண்டு பேர் விலகினாப் போதும், "குழு உடைஞ்சு போச்சாம்" எண்டு கதை பரவிடும். சென்னையின் 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பற்றியும் எங்கட பெடியள் இப்பிடித்தான் கதைக்கினம். "அறிவு தனியப் போயிட்டார், இனி அதில என்ன இருக்கு?" எண்டு கேக்கினம். எனக்கு அந்தக் கேள்வியே பிழையாப் படுது.

அந்தக் குழு தொடங்கின விதத்தைப் பாருங்கோ. 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்தெடுத்த 19 பேர். கானா பாடுறவை, ராப் பாடுறவை, பறை, சட்டி, கட்டை மேளம் அடிக்கிறவை, கிற்றார் வாசிக்கிறவை எல்லாரும் ஒரே மேடையில். பெண் குரல் இசைவாணி ஒருவர்தான். அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற தமிழர்' என்ற கருத்தில் இருந்து வந்த பெயர். இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி எண்டு சினிமாப் பாட்டு தொடப் பயந்ததை எல்லாம் இவை பாடினவை.

அதாவது, ஒரு முகத்தை நம்பித் தொடங்கின குழு இல்லை இது. அதில இருந்து ஆக்கள் வெளிய போய் வளர்ந்தது தோல்வியும் இல்லை. 2019இல் அறிவு 'தெருக்குரல்' தொகுப்பைத் தந்தார். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இசைவாணி வந்தார். 2021இல் 'எஞ்சாய் எஞ்சாமி' உலகம் முழுக்க ஓடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையில் இருந்துதான் அறிவு அந்தப் பாட்டை எழுதினார்.

ஆனா தனியப் போறதில ஒரு ஆபத்தும் இருக்கு. அதே வருசம் ஓகஸ்ட்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' தன் அட்டையில் பாடகி தீயையும், யாழ்ப்பாணத்தில் பிறந்த ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி போலையும் போட்டது. பாட்டை எழுதிப் பாடின அறிவு அதில இல்லை. ரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்ட பிறகுதான் அறிவுக்குத் தனியா ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 19 பேராய் நிக்கேக்க ஒருத்தரை வெட்டி எடுக்கிறது கஷ்டம். தனிய நிக்கேக்க சுகமா வெட்டிடலாம்.

நியூ வேவ் காலத்து இங்கிலாந்திலும் இப்பிடி ஒரு கதை இருக்கு. 1977இல் கொவென்ட்ரியில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து தொடங்கிய 'த ஸ்பெஷல்ஸ்' இனவெறிக்கு எதிராப் பாடியது. 1981இல் 'கோஸ்ட் டவுன்' முதலிடத்தில் நிக்கிற நேரத்திலேயே மூன்று பாடகர்கள் விலகிப் போய் வேற குழு தொடங்கினவை. எல்லாம் முடிஞ்சுது எண்டுதான் அப்பவும் நினைச்சிருப்பினம். ஜெரி டாமர்ஸ் புது ஆக்களைச் சேர்த்து, பெயரையும் 'த ஸ்பெஷல் ஏகேஏ' என்று மாற்றினார். சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவை விடுதலை செய்யச் சொல்லும் பாட்டு 1984இல் அந்தப் புது அணியிடம் இருந்துதான் வந்தது.

குருநகர் ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை. எங்கட நாட்டுக்கூத்தில ஒரே அரசனை ஒரே இரவில ரெண்டு மூண்டு பேர் மாறி மாறி ஆடுவினம். அண்ணாவியார் போனா அடுத்தவர் பழக்குவார். கூத்து செத்துப்போச்சு எண்டு ஒருத்தரும் சொல்றதில்லை. ஆனா இசைக்குழு எண்டு வந்தா மட்டும், கீபோட் வாசிச்சவன் பிரான்சுக்குப் போயிட்டான், பாடினவன் கனடாவுக்குப் போயிட்டான் எண்டு சாமானைக் கட்டி மூலையில வைச்சிடுறம்.

ஆக்கள் போவினம். அதைத் தடுக்கேலாது. அதுக்கு ஏற்ற மாதிரிக் குழுவைக் கட்டுவம். பாட்டு ஒரு ஆளுக்குள்ள மட்டும் இருக்காமல் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்க வேணும். எழுதினவை, மெட்டுப் போட்டவை, அடிச்சவை எல்லாற்ற பெயரும் முதல் நாளே எழுதி வைக்க வேணும். அதோட, பாடுறதுக்கு ஒரு காரணமும் வேணும். ஊர்ப் பெயரைக் கேட்டவுடனே சாதியைக் கணக்குப் போடுற பழக்கம் யாழ்ப்பாணத்தில இன்னும் இருக்கு. எங்கட மேடையில அதைப் பற்றி எத்தினை பாட்டு கேட்டிருக்கிறம்? பழைய கரையூர், இப்பத்தைய குருநகர். இங்க குரலுக்கும் குறைவில்லை, அடிக்கிறவைக்கும் குறைவில்லை. அந்தப் பாட்டை ஆர் முதல்ல எழுதப்போறியள்?