நுசந்தாராவுக்குப் போகுமுன்...

இந்தோனேஷியா, கிழக்குக் கலிமந்தானில் கட்டிவரும் புதிய தலைநகர் நுசந்தாராவைப் பார்த்துவர எமது வர்த்தகர்கள் சிலர் விரும்பலாம். போவது நல்லதே. ஆனால், கட்டடங்களைக் கண்டு மயங்கிக் கைமுதலைப் போட்டுவிடக் கூடாது.

2024 ஆகஸ்ட் 17இல் அங்கு சுதந்திர தின விழா நடைபெற்றது. விழாவுக்கு வரும் கூட்டம் வேறு, கடைக்கு வரும் கூட்டம் வேறு. அதனை அரசியல் தலைநகராக்க அரசு குறித்துள்ள ஆண்டு 2028.

எமக்கு அனுபவம் உண்டு. 1982இல் பாராளுமன்றம் கோட்டேக்குப் போனது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் மொத்த வியாபாரம் புறக்கோட்டையிலேயே இருக்கிறது. தலைநகரைச் சட்டத்தால் மாற்றலாம். சந்தையை அப்படி மாற்ற முடியாது.

எனவே, செல்பவர்கள் பாலிக்பாப்பான் நகரில் தங்கி, விழா எதுவுமில்லாத வார நாளொன்றில் நுசந்தாராவைப் பார்க்க வேண்டும். சாப்பாட்டுக் கடைக்காரரிடம் அன்றாட விற்பனையை விசாரியுங்கள். இரவில் எத்தனை வீடுகளில் விளக்கெரிகிறது என்று கவனியுங்கள். வெளிநாட்டவர் அந்நாட்டில் காணிக்கு முழு உரிமையாளராக முடியாது என்பதால், தரகர் பேச்சை நம்பி முற்பணம் கொடுக்காமல் முதலில் அங்குள்ள சட்டத்தரணி ஒருவரைச் சந்தியுங்கள்.

குடும்பங்கள் குடியேறிய பிறகுதான் கடைக்கு வியாபாரம் வரும். அதுவரை பார்த்து வருவதோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.