முதலில் பஸ், பிறகு வீடு!

சென்னை தியாகராய நகரில் பாண்டி பஜார் இருக்கிறது. அங்கே ஒரு முறையாவது துணி எடுக்காத சென்னைக் குடும்பம் குறைவு. அந்தப் "பாண்டி" யார் தெரியுமா?

டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன். நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவர். கடைத்தெருவுக்கு அவர் பெயர் வந்தது. ஆனால் அவர் செய்த பெரிய காரியம் கடையைப் பற்றியது அல்ல, பஸ்சைப் பற்றியது.

அந்தக் காலத்தில் பஸ்கள் தனியார் கையில் இருந்தன. ஆதி திராவிட மக்களை ஏற்ற மறுத்த பஸ்கள் உண்டு. கையில் காசு இருக்கும். பஸ்சில் இடமும் இருக்கும். ஆனாலும் ஏற முடியாது!

இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த சவுந்தரபாண்டியன் உத்தரவு போட்டார். அந்த மக்களை ஏற்ற மறுத்தால், பஸ்சின் லைசென்சு ரத்து! அவர் முதலாளிகளுக்கு உபதேசம் செய்துகொண்டிருக்கவில்லை. பிழைப்பில் கை வைத்தார்.

கை மாறும் காசு

இன்று சென்னை டவுன் பஸ்சில் கூட்ட நேரத்தில் ஏறிப் பாருங்கள். கண்டக்டர் பின்னால் இருப்பார். முன்னால் ஏறியவர் காசை நீட்டுவார். அது பத்துக் கை மாறிப் பின்னால் போகும். டிக்கெட்டும் பாக்கிச் சில்லறையும் அதே கைகளில் திரும்பி வரும். எந்தக் கை யாருடையது என்று கேட்பவர் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தால் இறங்கவேண்டிய இடம் போய்விடும்!

நிற்கிற தாய் குழந்தையை, உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத பெண்ணின் மடியில் கொடுக்கிறாள். மேடை போட்டுப் பேசியும் வராத ஒற்றுமை, ஒரு நெரிசலில் வந்துவிடுகிறது. (ஜன்னல் ஓரத்து இடத்துக்கு நடக்கும் சண்டை வேறு விஷயம்.)

888 ரூபாய்

ஏறும் உரிமை கிடைத்தது. டிக்கெட்டுக்குக் காசு?

2021 மே மாதம், தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தது. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கு அது சின்னத் தொகையா? பிள்ளையின் நோட்டுப் புத்தகம் அதில் இருக்கிறது. வீட்டுக்குப் பாலும் அதில் இருக்கிறது.

"இலவசம் எதற்கு? நஷ்டம்தானே!" என்கிறவர்கள் இருக்கிறார்கள். பஸ்சின் கணக்கை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அந்த பஸ்சில் போய்ச் சம்பாதித்தவள் வீட்டுக்குக் கொண்டுவந்த சம்பளத்தையும் சேர்த்துக் கூட்டவேண்டாமா?

தாம்பரமும் கண்ணகி நகரும்

ஆனால் டிக்கெட் இலவசமானால் போதுமா? பஸ் வரவேண்டுமே!

1931-ல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. அப்போது தாம்பரம் இன்றுபோல் பெரிய நகரம் அல்ல. ரெயில் ஓடிய பாதையில் வீடுகள் பெருகின. 1937-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியே பட்டணத்தின் நடுவை விட்டுத் தாம்பரத்துக்கு இடம் மாறியது. குமாஸ்தா தாம்பரத்தில் குடியிருந்து கோட்டைப் பக்கம் வேலைக்குப் போகலாம் என்ற நிலை வந்தது.

கண்ணகி நகரில் கதை தலைகீழ்.

2000-ஆம் ஆண்டு முதல், நகருக்குள் குடிசைகளில் இருந்தவர்களுக்கு அங்கே அடுக்கு வீடுகள் கொடுத்தார்கள். பிறகு செம்மஞ்சேரி, அதன் பிறகு பெரும்பாக்கம். கூவம், அடையாறு ஆற்றங்கரைகளில் இருந்தவர்கள், 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெருவாரியாக அங்கே போனார்கள். நகரின் நடுவில் இருந்து சுமார் 20 கிலோமீட்டர். சில இடங்கள் அதற்கும் மேல்.

வீடு சிமெண்டு வீடுதான். மழைக்கு ஒழுகாது. ஆனால் வேலை? அது பழைய இடத்திலேயே நின்றுவிட்டது! முன்பு பத்து நிமிஷம் நடந்து போய் வேலை செய்த பெண், இப்போது பஸ்சுக்குக் காத்திருக்கவேண்டும், கூட்டத்தில் நிற்கவேண்டும், இன்னொரு பஸ் மாறவேண்டும். காலை 7 மணிக்கு வரவேண்டியவள் 9 மணிக்கு வந்தால் எந்த வீட்டம்மா பொறுப்பார்? "நாளையிலிருந்து வேண்டாம்" என்றால் தீர்ந்தது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் மாற்ற முடியாத பிள்ளைக்கும் இதே பாடுதான்.

ஆகவே குடும்பங்களை ஊருக்கு வெளியே அனுப்பும் அதிகாரிகள், சாவி கொடுக்கும் நாளுக்கு முன்பே பஸ்சை ஓடவிட வேண்டும். காலை 5 மணிக்கு முதல் பஸ். மாலை வேலை முடிந்து திரும்புகிறவர்களுக்குக் கடைசி பஸ். பத்து நிமிஷத்துக்கு ஒன்று. சாக்கடையும் குழாயும் போடாமல் வீடு கட்ட அனுமதிப்பதில்லை அல்லவா? பஸ்சும் அந்தக் கணக்கில் சேரவேண்டும்.

சென்னைக்கு மெட்ரோ ரெயில் 2015-ல் வந்தது. மாதவரம்–சிறுசேரி பாதைக்கான திட்டம் துரைப்பாக்கம் வழியாகப் போகிறது. நல்லது, வரட்டும். ஆனால் அடுக்கு வீட்டின் படியில் இருந்து அந்த ஸ்டேஷன் வரை எப்படிப் போவது? குறுகலான தெருக்களில் நுழைந்து வர, 2013-ல் சென்னையில் சிற்றுந்துகளை விட்டார்களே, அந்த மாதிரி வண்டிகள் இங்கேதான் முதலில் வேண்டும். எங்கே விடலாம் என்று தேட வேண்டியதில்லை. விடியற்காலையில் சாப்பாட்டுத் தூக்கும் கையுமாகப் பெண்கள் வரிசையாக நிற்கும் இடம் எதுவோ, அங்கே விடலாம்.