நம்ம விடைத்தாளை நாமே திருத்தலாமா?



காலாண்டு லீவில் ஆம்பூர் பக்கம் உள்ள எங்கள் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். கொல்லையில் கிணறு இருக்கு, தண்ணீரும் இருக்கு. ஆனால் அத்தை குடிக்க கேன் தண்ணீர்தான் வாங்குகிறார். ஏன் என்று கேட்டேன். "வாயில வெச்சிப் பாரு கண்ணு" என்றார். ஒரே உப்பு! "ரெண்டு மூணு வாட்டி வந்து பாட்டில்ல புடிச்சிக்கினு போனாங்க. அதுல என்னா இருக்குன்னு இன்னி வரைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லல" என்றார். அந்தப் பேச்சுதான் இதை எழுத வைத்தது.

தோல் கெடாமல் இருக்க உப்பு போடுவார்கள். தொழிற்சாலையில் அந்த உப்பைக் கழுவி, பிறகு குரோமியம் கலந்த ரசாயனத்தில் பதப்படுத்துவார்கள். அந்தக் கழிவுநீர் பல வருஷம் பாலாற்றிலும் நிலத்திலும் விடப்பட்டது. மணலில் இறங்கிக் கிணற்றுக்கு வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவர் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும், கெட்ட மண்ணையும் நீரையும் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம்.

2001-இல் நஷ்டஈட்டுக் கணக்கு வந்தது. 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குச் சேர்த்து சுமார் 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தேன், தலைக்கு ஒன்பதாயிரம் சொச்சம்! அதுவும் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. 30.1.2025 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும், பாக்கியைக் கொடுங்கள், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமையுங்கள் என்று உத்தரவு போட்டது. நான் பிறக்கும் முன்பே வந்த தீர்ப்புக்கு, நான் பிளஸ் ஒன் படிக்கும்போதும் கண்காணிப்பு தேவைப்படுகிறது.

சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது! ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் 31.1.2015 அன்று இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். சுத்தம் செய்யக் கட்டிய இடமே உயிரை வாங்கியது. அதே ராணிப்பேட்டையில், 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலையின் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல், மூடி இருபது வருஷம் கழித்தும் குவியலாகக் கிடந்தது. ஆகவே சுத்தம் செய்வது ஒரு வேலை என்றால், அதைப் பார்த்துக்கொண்டே இருப்பது இன்னொரு வேலை.

நம்ம பரீட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். நாமே எழுதி நாமே திருத்தினால் எல்லாரும் நூற்றுக்கு நூறுதான்! அதனால்தான் ஆசிரியர் திருத்துகிறார், மார்க்கும் நமக்குத் தெரிகிறது. தண்ணீருக்கும் அதேதான். நிலையம் நடத்துகிறவர் சொல்லும் கணக்கு மட்டும் போதாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வந்து சோதிப்பதும் பாதி வேலைதான். ரிசல்ட் ஊருக்குத் தெரிய வேண்டும். எந்தக் கிணறு, எந்தத் தேதி, உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று பஞ்சாயத்து போர்டில் எழுதிப் போட வேண்டும். மார்ச் 22 உலக தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறதே, அங்கே வாசிக்க வேண்டும்.

"கம்பெனியை மூடச் சொல்றியா?" என்று கேட்பீர்கள். இல்லை. என் அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனிக்குத்தான் வேன் ஏறிப் போகிறார். என் நோட்டும் பேனாவும் அந்தச் சம்பளத்தில் வந்தவை. வேலையும் வேண்டும், கிணறும் வேண்டும். ஒன்றுக்காக இன்னொன்றை விடச் சொல்வது நியாயமா?

இது ஆம்பூர் விஷயம், அணைக்கட்டுக்கு என்ன என்றும் கேட்கலாம். நம்ம இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த ருசி எங்கிருந்து வந்தது? இந்த மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும்தானே! நிலத்தடி நீர் ஒருமுறை கெட்டால் திரும்ப எத்தனை காலம் ஆகும் என்பதை அத்தை கிணறு சொல்கிறது.

எனவே என் யோசனை. நம் சுற்றுச்சூழல் மன்றத்துக்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்குவோம். மாதம் ஒருமுறை நம்ம ஊர்க் கிணறு, போர் தண்ணீரை அளப்போம். குடிநீரில் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை போகலாம். குரோமியம் இந்த மீட்டரில் தெரியாது, அதற்கு ஆய்வகம் வேண்டும். லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கெமிஸ்ட்ரி சார் வழிகாட்ட வேண்டுகிறேன். வரும் எண்களை இதே சுவர்ப் பத்திரிகையின் மூலையில் எழுதுவோம். போகிற வருகிற எல்லாரும் படிக்கட்டும்.

அத்தைக்கு வராத ரிசல்ட் நமக்காவது வரட்டும். சிந்திப்போம்! செயல்படுவோம்!

– பிளஸ் ஒன் 'ஆ' பிரிவு மாணவி