மாரித் தெருவும் வார இறுதி வீரர்களும்

ஐப்பசி நடுவில் வடகீழ்ப் பருவமழை கொட்டத் தொடங்கியதும் வன்னிக்கு இரண்டு வகையான விருந்தாளிகள் வருகின்றனர். ஒரு வகையினர், சுண்டிக்குளம் கடனீரேரியை நாடிவரும் பறவைகள். மற்ற வகையினர், சனி, ஞாயிறு தினங்களில் யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும், விடுமுறையில் ஊர் திரும்பியோரையும் சேர்த்துக்கொண்டு, பத்துப் பதினைந்து மோட்டார் சைக்கிள்களில் அணிவகுத்து வரும் நம் இளைஞர்கள். பறவைகள் மீது எனக்குக் குறை ஏதுமில்லை.

மோட்டார் சைக்கிள் ஓடும் இளைஞனைக் கண்டாலே "தறுதலை" என்று முகஞ்சுளிக்கும் பெரியவர்களின் கட்சியில் நான் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாஸ் எடுக்காமல், சோதனைச் சாவடியில் இறங்கி உருட்டாமல், ஆனையிறவைக் கடந்து அக்கராயன் வரை ஒருவன் தன் விருப்பப்படி போய்வர முடிகிறது என்பது என் தலைமுறை தன் இளமையில் கனவிலும் காணாத சுதந்திரம். 1990 இலிருந்து ஏ-9 வீதி யாழ்ப்பாணத்தவனுக்கு மூடியே கிடந்தது. 2002 ஏப்ரலில் திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது. அந்த வீதியில் இன்று ஒருவன் காற்று வாங்கப் போகிறான் என்றால், தாராளமாகப் போகட்டும்.

எனது வழக்கு அவர்கள் ஓடுவதைப் பற்றியதன்று. ஓடி முடித்தபின் பேசுவதைப் பற்றியது. "இந்தக் கிரவல் தெருக்களை இப்படியே விட்டுவிட வேண்டும், தார் போட்டால் ஊரின் அழகே கெட்டுவிடும்" என்ற வசனத்தைக் காணொளிகளில் கேட்டேன், முகநூலில் வாசித்தேன், கலியாண வீட்டுப் பந்தியிலும் கேட்டேன். சேறு தெறிக்கும் சில்லைத் தாழ்வாக நின்று படம்பிடிக்கிறார்கள். இருமருங்கும் முழங்காலளவு நெற்பயிர், மேலே கறுத்த வானம், நடுவே சிவந்த தெரு. அழகுதான், யார் மறுத்தார்? அந்தத் தெருவின் முடிவில் யாருடைய வீடு இருக்கிறது என்பதை மட்டும் படம் காட்டுவதில்லை.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படலாம். ரொறொன்ரோவில் இலைகள் சிவந்து உதிரும் ஒக்டோபர், மோட்டார் சைக்கிளைக் கொட்டகையில் பூட்டிவைப்பதற்கு முந்தைய கடைசிச் சவாரிக் காலம். அங்கு அது ஓய்வின் பருவம். அதே ஒக்டோபரும் நவம்பரும் வன்னியில் ஆண்டின் மிகக் கடுமையான உழைப்பின் பருவம். காலபோக நெல் விதைக்கப்பட்டு, களையும் உரமும் வரம்புமாக விவசாயி நாள் முழுவதும் வயலில் நிற்கும் காலம். இலையுதிர்காலம் என்ற சொல்லுக்கு இங்கே பொருளில்லை. மாரி என்ற சொல்லுக்குத்தான் பொருளுண்டு. அந்த மாரியில் தெருவில் போகிறவர் எவரும் பொழுதுபோக்காகப் போவதில்லை.

யார் போகிறார்கள் என்று கேளுங்கள். விடியுமுன் பால் கொள்கலன்களைக் கட்டிக்கொண்டு சேகரிப்பு நிலையத்துக்கு ஓடுகிறவர். நாச்சிக்குடாப் பக்கத்துக் கரையிலிருந்து மீன் பெட்டியோடு உள்ளூர்களுக்கு வரும் வியாபாரி. முதுகில் மருந்து தெளிக்கும் கருவியும் முன்னால் உரப்பையுமாக வயலுக்குப் போகும் விவசாயி. நகரத்திலிருந்து கடைக்கோடிப் பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியை. மழைக்கவசத்துக்குள் பதிவேட்டை மறைத்துக்கொண்டு கர்ப்பிணித் தாயைப் பார்க்கப்போகும் குடும்பநல உத்தியோகத்தர். போரில் கணவனை இழந்து, பிள்ளைகள் இருவரையும் ஸ்கூட்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அதே ஸ்கூட்டியில் கூலிவேலைக்குப் போகும் பெண். இவர்களுக்கும் அந்தத் தெரு சேறு தெறிக்கும் தெருதான். இவர்களை யாரும் தாழ்வாக நின்று படம்பிடிப்பதில்லை.

வன்னியில் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் என்பது மருந்துபோல் துளித்துளியாகக் கிடைத்த பொருள். சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் கொடுத்து இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகை கக்கிக்கொண்டு ஓடிய அந்த வண்டிகளில்தான் நோயாளியும் போனார், மணப்பெண்ணும் போனாள். 2009 இன் முதல் மாதங்களில் தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று சனம் கிழக்கே கிழக்கே தள்ளப்பட்டபோது குடும்பத்தின் எஞ்சிய சொத்து முழுவதும் ஒரு மோட்டார் சைக்கிளின் மீது கட்டப்பட்டிருந்தது. முள்ளிவாய்க்காலில் துருப்பிடித்துக் குவிந்து கிடந்த வண்டிகளின் படங்களை உலகம் பார்த்தது. இன்று "ஆளரவமற்ற அருமையான பாதை" என்று புகழப்படும் பரந்தன் - முல்லைத்தீவு வீதி அந்தச் சனம் நடந்த வீதியேதான்.

மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் லீசிங் வந்தது. கூலித் தொழிலாளியும் தவணைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கினார். தவணை தவறியபோது வண்டியையும் கட்டிய பணத்தையும் சேர்த்தே இழந்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட, பழைய வண்டியின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போனது. 2025 பெப்ரவரி வரை அந்தக் கதவு முழுமையாகத் திறக்கவில்லை. 2022 இல் எரிபொருள் பங்கீட்டு அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர். கொழும்பில் அது அசௌகரியம். பேருந்து எட்டிப்பாராத ஊரில் அது பட்டினி. இத்தகைய வண்டியின் சங்கிலியும் தாங்கியும் ஒவ்வொரு மாரியிலும் கிரவல் சேற்றில் தேய்ந்து போகின்றன. அந்தத் தேய்மானத்தை யாரும் அழகென்று சொல்ல மாட்டார்கள்.

ஏன் தெருக்கள் இப்படிக் கிடக்கின்றன? ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில். சி, டி தர வீதிகள் மாகாணத் திணைக்களத்தின் கையில். எஞ்சிய ஒழுங்கைகள் கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று பிரதேச சபைகளுக்கிடையே பங்கிடப்பட்டுள்ளன; குளக்கட்டுப் பாதையும் வாய்க்கால் பாதையும் நீர்ப்பாசன, கமநலத் திணைக்களங்களைச் சேர்ந்தவை. ஒரு மதகு இடிந்தால் அது யாருடைய மதகு என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்த மாரி வந்துவிடும். போதாக்குறைக்கு, வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடக்கவில்லை. உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே மாதத் தேர்தலுக்குப் பின்னரே மீண்டும் கூடின. கேள்வி கேட்பதற்குரிய கதிரைகள் காலியாகக் கிடந்த காலம் அது.

இந்த வரிசையிலும் கடைசியில் நிற்பவர்கள் இருக்கின்றார்கள். 1977, 1983 வன்செயல்களில் அடித்து விரட்டப்பட்டு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் குடியேறிய மக்களின் ஊர்களைச் சொல்கிறேன். அவர்களில் பலருக்குக் காணி உறுதி இல்லை. குளத்து நீர்ப்பங்கு இல்லை. வாக்குக் கேட்க மட்டும் வாகனங்கள் உள்ளே வருகின்றன. தார் போட வேண்டாம் என்று விருந்தாளி சொல்லும்போது, அந்தச் சொல்லைக் கேட்டு மிக மகிழ்பவர் ஒதுக்கீடு செய்யாமல் தப்பிக்க வழி பார்க்கும் அதிகாரிதான்.

இனி, எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

"தார் போட்டால் வேகம் கூடும், சாவும் கூடும், ஏ-9 ஐப் பாருங்கள்" என்பது ஒன்று. இது அலட்சியம் செய்யக்கூடிய வாதமன்று. இலங்கையில் அண்மைய ஆண்டுகளில் வீதி விபத்துகளில் ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் இறக்கின்றனர். அவர்களில் மிகப் பெரிய பிரிவினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆனால் வன்னியில் எவ்வாறு சாகிறார்கள் என்று பார்க்க வேண்டும். செய்தி மேசையில் இத்தனை ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாரி தொடங்கினால் "மாட்டுடன் மோதி" என்று ஆரம்பிக்கும் நான்கு வரிச் செய்தி உள்பக்கத்துக்கு வந்துகொண்டே இருக்கும். காரணம் எளிது. காலபோகம் விதைத்ததும் வயல்கள் மாடுகளுக்கு மூடப்படுகின்றன. முன்னர் அவை மேய்ந்த தரவைகளிற் பல, போருக்குப் பின்னர் வனவளத் திணைக்களம் இட்ட எல்லைகளுக்குள் போய்விட்டன என்று கால்நடை வளர்ப்போர் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். போக இடமில்லாத பட்டி, இரவில் ஈரத்தை விட்டுத் தார்வீதியின் வெதுவெதுப்பை நாடிப் படுத்துக்கொள்கிறது. விளக்கில்லாமல் நிற்கும் உழவு இயந்திரப் பெட்டியும், மணல் ஏற்றிப் பறக்கும் டிப்பரும் மிச்சத்தைச் செய்கின்றன. கட்டாக்காலி மாட்டைப் பிடித்து உரிமையாளருக்குத் தண்டம் விதிக்கத் தெரிந்த சபைகள், மேய்ச்சல் தரைக்கு வழி செய்யவில்லை. ஆக, உயிர்காக்கும் பரிகாரம் மேய்ச்சல் நிலம், வீதி விளக்கு, பின்விளக்குச் சட்டத்தை அமுல்படுத்தல் ஆகியவையே. ஊரவனைச் சேற்றில் வைத்திருப்பது பரிகாரமாகாது.

"நாங்கள் வருவதால் ஊரில் காசு புழங்குகிறது" என்பது இன்னொன்று. தேநீர்க் கடைக்காரருக்குப் பதினைந்து தேநீர் விற்கிறது என்பது உண்மை. ஆனால் மழையில் ஊறிய குளக்கட்டின் மீது பதினைந்து கனத்த வண்டிகள் ஓடினால் என்ன நடக்கும்? குளக்கட்டு மண்ணால் ஆனது. சில்லு கிழித்த தடத்தில் நீர் ஓடும்; நீர் ஓடிய தடம் வாய்க்காலாகும்; வாய்க்கால் கட்டைத் தின்னும். சிறு குளமொன்று உடைந்தால் அதன் கீழுள்ள வயல் அத்தனையும் போகும். ஒரு போகம் போனால் கடன் ஏறும். அதைத் தேநீர்க் காசு ஈடுசெய்யாது. அதேபோல் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்படும் நாள்களில் வேடிக்கை பார்க்க முண்டியடிப்போருக்கு ஒன்று நினைவூட்ட வேண்டும். 2018 டிசம்பரில் அந்த நீர் கிளிநொச்சியின் வீடுகளுக்குள் புகுந்தது. 2025 நவம்பர் இறுதியில் நாடு முழுவதிலும் அறுநூறுக்கும் அதிகமானோரைப் பலிகொண்ட டித்வா புயலின் வெள்ளம் வன்னியையும் விட்டுவைக்கவில்லை. வான் பாயும் குளம் ஊரவனுக்குக் காட்சியாக மட்டும் இருப்பதில்லை. அன்றிரவு அவன் உறங்குவதில்லை.

இன்னுமொரு விடயம், வாதத்துக்குரியதன்று, எச்சரிக்கை. "பாதையை விட்டு இறங்கி ஓடுவதே சாகசம்" என்று எண்ணுவோர், பச்சிலைப்பள்ளியில் முகமாலைப் பக்கம் சிவப்புப் பலகைகளில் மண்டையோடு வரைந்து வைத்திருப்பதை அலங்காரமென்று கருத வேண்டாம். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 டிசம்பரில் இணைந்த இலங்கைக்கு நிலத்தைத் துப்புரவு செய்து முடிக்க 2028 ஜூன் வரை தவணை கொடுக்கப்பட்டது. வெயிலில் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக அந்த மண்ணைக் கிளறியவர்களுள் கணிசமானோர் இப்பகுதிப் பெண்கள். அவர்களுடைய உழைப்பின் மீது விளையாட்டுக் காட்டுவது அழகன்று. மாரியில் வெள்ளம் மண்ணை அரித்துச் செல்லும். மண்ணுக்குள் கிடந்தது இடம்மாறவும் கூடும்.

அப்படியானால் வரவே வேண்டாமா? வாருங்கள். அழகைக் காணாதீர்கள் என்றும் சொல்லவில்லை. வேலியோரத்துக் கார்த்திகைப்பூ உங்களுக்காகவும்தான் பூக்கிறது. தலைக்கவசம் அணிந்து, இருள்வதற்குள் திரும்பி, குளக்கட்டை விட்டு விலகி, வீட்டு வாசல்களில் வேகத்தைத் தணித்து ஓடுங்கள். சேற்றில் ஸ்கூட்டியோடு சாய்ந்து நிற்கும் பெண்ணைக் கண்டால் இறங்கித் தூக்கிவிடுங்கள்.

அதற்கும் மேலாக ஒன்று கேட்கிறேன். உங்களிடம் நல்ல புகைப்படக் கருவி இருக்கிறது. ஆயிரக்கணக்கில் பார்வையாளர்கள் இருக்கிறார்கள். இடிந்த மதகு ஒன்றைக் கண்டால் அதைப் பாய்ந்து கடப்பதைப் படம் பிடிக்கும் அதே கருவியால் மதகையும் படம் பிடியுங்கள். ஊரின் பெயர், கிராம அலுவலர் பிரிவு, தேதி மூன்றையும் போடுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. இந்த வீதி யாருக்குச் சொந்தம், கடந்த ஐந்து ஆண்டுகளில் இதற்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு என்று இரண்டு கேள்விகளை எழுதிப் பிரதேச சபையிலோ மாகாணத் திணைக்களத்திலோ கொடுக்க ஒரு தாள் போதும். கூலிக்குப் போகும் ஊரவருக்கு அலுவலக வாசலில் நிற்க ஒரு நாட்சம்பளம் செலவாகும். சனி, ஞாயிறு தவிர்ந்த ஒரு நாளை வருடத்துக்கு ஒருமுறை உங்களால் தர முடியாதா?

புலம்பெயர் சங்கங்களுக்கும் இதையே சொல்வேன். பாடசாலைக்கு வளைவு கட்டுகிறீர்கள். கோயிலுக்குக் கோபுரம் கட்டுகிறீர்கள். வளைவின் கீழால் போகும் தெருவில் பிள்ளை முழங்கால் சேற்றில் நடக்கிறது. தெருப் போடுவது அரசின் கடமை. அதை நீங்கள் உங்கள் பணத்தில் செய்ய வேண்டியதில்லை. ஆனால் வளைவுக்குச் செலவிடும் வேகத்தில் நான்கில் ஒரு பங்கை, அக்கடமையைச் செய்யும்படி கேட்பதில் காட்டலாம்.

தெரு திருத்தப்பட்டால் உங்கள் சவாரியில் சுவை குறையும் என்று அஞ்சுகிறீர்களா? குறையட்டும். உங்களுக்குக் குறையும் அந்தச் சுவை, பிரசவ வலியோடு நள்ளிரவில் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் ஒரு பெண்ணுக்கு அரை மணி நேரமாகச் சேரும். அந்தக் கணக்கில் எனக்குச் சந்தேகமில்லை. உங்களுக்கும் இருக்கக் கூடாது.