துறைமுக நகரில் ஓர் இரவு



ஊத்துக்கோட்டைக்கும் சென்னைக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 50 கிலோமீட்டரே. காலையில் சென்று மாலையில் திரும்பிவிடலாம் என்றுதான் எவரும் புறப்படுகின்றனர். ஆனால் நோயாளியை அழைத்துச் சென்றோர் பலருக்கு அவ்வாறு திரும்ப முடிவதில்லை. "நாளை மீண்டும் பரிசோதனை" என மருத்துவர் கூறிய பின்னரே, இரவு எங்கே தங்குவது என்னும் கவலை எழுகின்றது. பெண்கள் பிரிவில் பொதுவாக இரவில் ஆண் துணையை அனுமதிப்பதில்லை. தாய்க்குத் துணையாக வந்த மகன் எங்கே செல்வான்?

சென்னைத் துறைமுகத்தை அடுத்த மண்ணடி, சென்ட்ரல் நிலையத்தருகே வால்டாக்ஸ் சாலை, பெரியமேடு ஆகிய இடங்களில் எளிய தங்கும் விடுதிகள் பல உண்டு. இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கும் ஸ்டான்லி மருத்துவமனைக்கும் செல்வோருக்கு இவை வசதியானவை. ஆயினும் வாடகை குறைவு என்பது ஒன்றையே கருதி முன்பணம் கொடுத்துவிடலாகாது.

முதலில் அறையைப் பார்க்க வேண்டும். கதவின் உட்தாழ்ப்பாள் சரியாக விழுகின்றதா, குழாயில் தண்ணீர் வருகின்றதா, நோயுற்றவர் ஏறத்தக்க படிகளா, ஆபத்து நேர்ந்தால் வெளியேற வழி உள்ளதா என்று நோக்குதல் நன்று. அடுத்து, வாடகைக் கணக்கைக் கேட்க வேண்டும். சில விடுதிகளில் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் கணக்கிடுவர். வேறு சிலவற்றில் நண்பகலோடு நாள் முடிந்துவிடும். இரவு பத்து மணிக்கு வந்து, மறுநாள் மாலை வரை தங்குவோர் இதனைக் கேளாவிடில் இருநாள் வாடகை செலுத்த நேரிடும்.

வரியைப் பற்றியும் அறிந்திருத்தல் வேண்டும். நாள் வாடகை 1,000 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 2022 ஜூலை 18 முதல் 12 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது, அதற்குமுன் அவற்றுக்கு வரி இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு வரி 5 விழுக்காடே. வரி வாங்குவோர் தம் பதிவு எண்ணுடன் ரசீது தருதல் கடமை. அடையாளச் சான்றாக, கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் நகலைக் கொடுக்கலாம்.

கையில் பணம் குறைவாயின் வேறு வழிகளும் உண்டு. அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் நோயாளிகளின் துணைவர்களுக்கென மாநகராட்சி இரவுக் காப்பகங்கள் அமைத்துள்ளது, மருத்துவமனையிலேயே விசாரியுங்கள். உறுதி செய்யப்பட்ட ரயில் பயணச்சீட்டு உள்ளோர் நிலையத்து ஓய்வறையை முன்பதிவு செய்யலாம்.

நோயாளியின் மருந்துச் சீட்டை எடுத்து வைக்கும்போதே, "ஓர் இரவு தங்க நேர்ந்தால் எங்கே?" என்று வீட்டில் கலந்து பேசி முடிவு செய்யுங்கள். களைப்பும் கலக்கமும் மிகுந்த இரவு வேளையில் விடுதி வாசலில் நின்று எடுக்கும் முடிவைவிட, வீட்டுத் திண்ணையில் அமைதியாக எடுக்கும் முடிவே நோயாளிக்கும் நலம், குடும்பத்தின் சிறு சேமிப்புக்கும் காவல்.